கூளம் பிரிக்கிறது

எந்த மிஷின் வாங்குனாலும் கூடவே ஒரு புஸ்தகம் குடுப்பாக. மிஷினை எடுத்துக்கிட்டு அட்டைப்பெட்டியத் தூக்கிப் போடும்போது புஸ்தகமும் அதோட போயிரும். தப்பித்தவறி யாராவது எடுத்து விரிச்சாலும் மொத ரெண்டு பக்கத்தோட சரி. கடைசியில 'அருஞ்சொற்பொருள்'னு ஒரு பக்கம் இருக்கும் பாத்தீகளா, அது வரைக்கும் வர்ற மனுசர் அபூர்வம். அந்தப் பக்கத்தை எழுதுற ஆளு நான்.

சிவகாசியில ஒரு அச்சாபீஸ்ல பிழை திருத்துற வேலை எனக்கு. காலண்டர் சீசன்ல காலண்டர், முகூர்த்த மாசத்துல கல்யாணப் பத்திரிகை, ரெண்டும் இல்லாத நாள்ல கிரைண்டருக்கும் தண்ணி மோட்டாருக்கும் கையேடு. கையேட்டுல பக்கக் கணக்கு நாலு நாலா வரணும். அதனால கடைசியில ஒரு பக்கம் சும்மா நிக்கும். முதலாளி எட்டிப் பாத்து, "அதுல என்னத்தையாவது போட்டு நெரப்புங்க"ம்பாரு. நெரப்புவேன். தமிழுக்கு நான் செஞ்ச தொண்டு அம்புட்டும் அந்த மிச்சப் பக்கத்துல இருக்கு.

ஒரு தடவை கிரைண்டர் கையேட்டுல, மோட்டாரு சுத்துற பலத்துக்கு 'முறுக்கு விசை'ன்னு ஒரு சொல்லைப் போட்டு அதுக்கு ரெண்டு வரி விளக்கமும் எழுதியிருந்தேன். ராஜபாளையத்துப் பக்கம் இருந்து ஒரு அம்மா கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை. "புஸ்தகத்துல முறுக்கு விசைன்னு போட்டிருக்கு. பெட்டிக்குள்ள முறுக்கு அச்சைக் காணோமே, கடைக்காரன் எடுத்துக்கிட்டானா?" முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாத்தாரு, அம்புட்டுத்தான். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். என் பக்கத்தைப் படிச்ச ஒரே வாசகி அந்தம்மா.

கல்யாணம் எனக்கு ஆகல. பொண்ணு பாக்கப் போன எடத்துல, அவுக மூத்த மகள் கல்யாணத்துப் பத்திரிகைய எடுத்துக் காமிச்சாக. நான் பொண்ணு வர்ற வாசலைப் பாக்காம பத்திரிகையில ஒரு ஒற்றுப்பிழையப் பாத்தேன். பாத்ததோட நிறுத்தியிருக்கலாம். வாயத் தொறந்து சொன்னேன். காப்பி வந்துச்சு, பொண்ணு வரல.

அதனால வீட்டுல நானும் எங்கக்காவும் மட்டும்தான். மச்சான் காலமானதும் அக்கா என்கூட வந்து இருந்துட்டா. அவளுக்குப் பிள்ளை கிடையாது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில வேலை. காலையில வேன் வரும், ஏறிப் போவா. சாயங்காலம் வேன்ல வந்து எறங்கும்போது கையி, முகம், புருவம் எல்லாம் வெள்ளி பூசுன மாதிரி அலுமினியப் பவுடரு மினுங்கும். "ஏக்கா, சாமி சிலையத் தூக்கிட்டு வந்து எறக்கிட்டானோன்னு பாத்தேன்"ம்பேன். "சாமின்னா கும்பிடு லே, சும்மா நிக்காத"ம்பா.

அவளுக்குச் சக்கரை இருந்துச்சு. பொறகு காலு வீங்குச்சு, முகம் வீங்குச்சு, மூச்சு வாங்குச்சு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனா ரெண்டு கிட்னியும் போச்சுன்னாக. வாரத்துல மூணு நாளு வந்து மிஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிடணும்னாக. விடியக்காலம் எந்திரிச்சு விருதுநகருக்கு ஒரு பஸ்ஸு, அங்கன இருந்து மதுரைக்கு ஒரு பஸ்ஸு. திரும்பி வரும்போது என் தோள்ல சாஞ்சுதான் வருவா. மறுநாள் பூரா படுத்தே கிடப்பா. எந்திரிச்சு உக்காரும்போது திரும்ப மதுரை வந்துரும். ஆலைக்குப் போறது நின்னுச்சு. அதவிட அவளுக்கு மானக்கேடா இருந்தது, எதுக்கும் என் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியிருந்ததுதான். "வாள்க்கை பூரா ஒன் மூஞ்சியவே பாக்கணும்னு எனக்கென்ன லே தலையெளுத்து?"ம்பா பஸ்ல. "எனக்கும் அதே எழுத்துதான்க்கா, ஒரே பிரஸ்ல அடிச்சது"ம்பேன்.

ஒருநாள் டாக்டரம்மா சொன்னாக, வீட்டுலயே செஞ்சுக்கிற முறை ஒண்ணு இருக்குன்னு. வயித்துல ஒரு குழாய் வச்சுவிட்டுருவாக. பையில இருக்கிற தண்ணிய அது வழியா வயித்துக்குள்ள விட்டு, சில மணி நேரம் வச்சிருந்து, பழசை வெளிய எடுத்துட்டுப் புதுசை விடணும். ஒரு நாளைக்கு நாலு தடவை. வலி கிடையாது, ஊசி கிடையாது, பஸ்ஸு கிடையாது.

அக்கா கேட்ட மொதக் கேள்வி: "நானேவா செய்யணும்?"

"ஆமா, நீங்களே செய்யலாம்."

"இவன் வேண்டாமா?"

"வேண்டாம்."

அக்கா என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே, ஜெயில்ல இருந்து விடுதலையானவ வார்டனைப் பாக்குற பார்வை.

ஆனா ஒண்ணு. குழாய் வச்சதும் உடனே தண்ணிப் பைப் பெட்டியத் தூக்கிக் குடுத்துர மாட்டாக. வார்டுல இருக்கிற சிஸ்டர் கத்துக் குடுப்பாக. கையேட்டைப் படிச்சு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, அவுக கண்ணு முன்னால ஒரு தடவை பிழையில்லாமச் செஞ்சு காமிக்கணும். தேறுனா வீடு. தேறலைன்னா மதுரை பஸ்ஸு.

அக்கா எட்டாப்பு வரைக்கும் படிச்சவ. குழாய் வச்சுக்கிட்டுத் திரும்புற அன்னைக்குக் கையேட்டை வாங்கி மடியில வச்சு, பஸ்ஸு திருமங்கலம் தாண்டுறதுக்குள்ள அட்டையில இருந்த தலைப்பை வாசிச்சு முடிச்சா. 'தொடர் நடமாடும் வயிற்றறைக் கூழ்மப்பிரிப்பு: நோயாளர் கையேடு.'

"நடமாடுறது எதுலே? நானா, வயிறா?"

"நீதான்க்கா. நடமாடும் ரேசன் கடை மாதிரி."

"கூள்மப்பிரிப்புன்னா?" அக்கா வாயில ழ நிக்காது.

எனக்குத் தெரியல. கடைசிப் பக்கத்தை எடுத்தேன். எம்புட்டு வருசமா எழுதுறேன், ஒரு வாசகனா அந்தப் பக்கத்தை அன்னைக்குத்தான் தொறந்தேன். 'கூழ்மப்பிரிப்பு: காண்க, சவ்வூடு பரவல்'னு இருந்துச்சு. கீழ போய் சவ்வூடு பரவலைப் பாத்தேன். 'கூழ்மப்பிரிப்பின்போது நிகழ்வது'ன்னு போட்டிருந்துச்சு. எழுதுனவன் யாருன்னு தெரியாது. ஆனா ஆளு என் கூட்டத்தான்னு தெரிஞ்சுபோச்சு. எங்கனயோ ஒரு அச்சாபீஸ்ல, எவரோ ஒரு முதலாளி எட்டிப் பாத்து 'நெரப்புங்க'ன்னு சொல்லியிருக்காரு.

அக்காவே யோசிச்சுச் சொன்னா. "கூளம்னா குப்பை. ஒடம்புல இருக்க கூளத்தைப் பிரிச்சு எடுக்கிறது. இதுக்குப் போயி எதுக்குலே அகராதி?"

கூழ்மம் வேற, கூளம் வேற. வாழ்நாள் பூரா ழகர ளகரம் திருத்துனவன் நான். ஆனா பிழையாப் படிச்ச சொல்லுல அர்த்தம் சரியா வந்து உக்காந்திருக்கு. அதைப் போய் எப்படித் திருத்துறது? பேசாம பென்சிலை எடுத்து ஓரத்துல 'கூளம் பிரிக்கிறது'ன்னு எழுதுனேன். கைக்கு வராமத்தான் எழுதுனேன்.

வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால உள்பக்கங்களைப் படிக்க ஆரம்பிச்சோம். அங்கனதான் சண்டை வந்துச்சு. 'மருந்துப் பையை இளஞ்சூடாக்கவும்'னு ஒரு வரி. அக்கா புஸ்தகத்தைப் பட்டுன்னு மூடிட்டா.

"நான் மாட்டேன்."

"என்னக்கா?"

"மருந்தைச் சூடு பண்ணச் சொல்றான் லே, பாவி."

எங்க பக்கத்துல மருந்துன்னா வெடிக்குள்ள அடைக்கிற கலவை. காய்ச்சலுக்குத் தின்னா அது மாத்திரை, ஊத்துனா அது டானிக்கு. மருந்துங்கிற சொல்லுக்கு எங்கக்கா ஒடம்பு எந்திரிச்சு நிக்கும்.

"மேடையில வெயில்ல காயப் போடுறதுக்கே உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்போம். அடுப்புப் பக்கம் கொண்டுபோகச் சொல்றானே. வயித்துக்குள்ள வேற விடணுமாம்."

"ஏக்கா, அது சீனி போட்ட தண்ணிக்கா. குளுகோசு."

"அப்ப சீனித் தண்ணின்னு எளுத என்ன கேடு அவனுக்கு?"

ஓரத்துல எழுதுனேன்: மருந்து, சீனித் தண்ணி. அடுத்த பக்கம் போனா அதவிட மோசம். குழாய் தோலை விட்டு வெளிய வர்ற எடத்துக்கு 'வெளியேறு தளம்'னு பேரு வச்சிருந்தான். 'வெளியேறு தளத்தை எப்போதும் மூடி வைக்கவும்.' ஆலையில ஒரு அறைக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும். வேலைக்குச் சேர்ற அன்னைக்கு மொதச் சொல்றது, எது நடந்தாலும் எந்த வாசல் வழியா ஓடணும்ங்கிறதுதான். அக்கா அந்த வரியத் திரும்பவும் வாசிச்சா. சிரிப்பாள்னு நெனச்சேன். சிரிக்கல.

"வெளிய ஓடுற வாசலை மூடி வைக்கச் சொல்லிருக்கு" ன்னா. அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரல். அவகூட வேலை பாத்தவுக யாராரோ அவ கண்ணு முன்னால வந்து நின்னிருப்பாக.

புஸ்தகத்தை என் பக்கம் தள்ளி அவளே, "அந்தக் குளாய்க்கு என்ன பேரு போட்டிருக்கு?"ன்னா.

"வடிகுழாய்."

"திரின்னு எளுது. வயித்துல இருந்து திரி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. அது மொளைச்ச எடம் திரி வாய். திரி வாய மூடித்தான் வைக்கணும், அது நாயம்." பொறகு என்னைப் பாத்து, "பீடி குடிக்கிற ஒன் சேக்காளி ஒருத்தனும் கிட்ட வரக் கூடாது, சொல்லிட்டேன்."

அப்படியே ஒவ்வொரு சொல்லாப் போனோம். தண்ணி வயித்துக்குள்ள இருக்கிற 'தங்குநேரம்', ஊறுற நேரம் ஆச்சு, இட்லிக்கு அரிசி ஊறுற மாதிரி. 'வடிநிலை', கஞ்சி வடிக்கிறது ஆச்சு. ஓரம் பூரா பென்சில் எழுத்து. என் வாழ்க்கையில ஒரு அருஞ்சொற்பொருளை, கேக்குற ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதுனது அதுதான். அந்த ஆளு நடுநடுவுல மண்டையில கொட்டுவா, அது வேற விசயம்.

சிஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. கழுத்துல சின்னதா ஒரு சிலுவை, பேச்சு பஞ்சு மாதிரி. அவுக எங்கக்காவ அக்காம்பாக, நாங்க அவுகளைச் சிஸ்டர்னு கூப்புடுவோம். "ரெண்டு பேருமே அக்கா தங்கச்சியாப் போனீக, நான் யாருன்னே தெரியலையே"ன்னேன். "நீங்க பைஸ்டாண்டர், கூட வந்த ஆளு, ஓரமா உக்காருங்க"ன்னு சிரிக்காமச் சொன்னாக.

கேள்வி கேட்டாக. "தங்குநேரம்னா என்னக்கா?" "ஊறுற நேரம்." சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துருச்சு. "சரிதான். தண்ணி கலங்கலா வந்தா?" "உள்ள கிருமி போயிருச்சுன்னு அர்த்தம். ஒடனே ஓடியாரணும்." "எம்புட்டுக் கலங்கல்னு எப்படித் தெரியும்?" அதுக்கு அக்காவுக்குப் பதில் தெரியல. புஸ்தகத்துலயும் இல்ல. சிஸ்டரே சொல்லிக் குடுத்தாக: வெளிய எடுத்த பையை, அச்சடிச்ச தாளு மேல வச்சுப் பாக்கணும். எழுத்து வாசிக்க முடிஞ்சா நல்ல தண்ணி. வாசிக்க முடியலைன்னா கலங்கல்.

"வாசிக்கிறதுக்கு ஆளு இருக்கு, அதுக்குத்தானே சம்பளம் வாங்குறான்"ன்னா அக்கா.

அடுத்து செஞ்சு காமிக்கிறது. காத்தாடிய நிறுத்தணும், சன்னலைச் சாத்தணும், மூக்கை மூடணும், சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவணும். எல்லாம் சுத்தம். சிஸ்டர் தலையாட்டிக்கிட்டே இருந்தாக. கழுவித் தொடச்ச கையோட அக்கா பைகிட்ட வந்தா. வர்ற வழியில சன்னல் கம்பியில ரெண்டு உள்ளங்கையையும் ஒரு வை வச்சு எடுத்தா.

"தொட்டுட்டியளே அக்கா."

"எதைம்மா?"

"கம்பிய."

"நான் எங்க தொட்டேன்?"

திரும்பக் கழுவுனா. திரும்ப வந்தா. திரும்பக் கம்பி. சிஸ்டர் கட்டிலை நகத்திப் போட்டு வேற பக்கமா வரச் சொன்னாக. இந்தத் தடவை கட்டில் சட்டத்தைத் தொட்டா. அவளுக்கே தெரியல, சத்தியமாத் தெரியல. "இந்தக் கைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"ன்னு தன் கையையே பாத்தா.

எனக்கும் பிடிபடல. அவதான் மெதுவாச் சொன்னா. ஆலையில மருந்து அறை வாசல்ல ஒரு செம்புத் தகடு பதிச்சிருக்கும். ஒடம்புல இருக்கிற கரண்டு மண்ணுக்குள்ள போகணும்னு, அதைத் தொட்டுட்டுத்தான் மருந்துகிட்டப் போகணும். தொடாமப் போனா போர்மேன் வைவாரு. அவரு வைவாருங்கிறதுக்காகக்கூட இல்ல. தொடலைன்னா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியும். ஒருநாள்கூடத் தொடாமப் போனதில்ல. "உசுரு மேல இருக்க ஆசையில தொட்ட கை, தம்பி. நான் சொன்னாக் கேக்குமா?"

சிஸ்டர் அவ கையப் பிடிச்சுக்கிட்டாக. ஆனா தேறலைன்னுதான் எழுதுனாக. அடுத்த வாரம் வரச் சொன்னாக. எங்களுக்குத் திரும்ப பஸ்ஸு.

அந்த வாரம் பூரா, சிஸ்டர் குடுத்த வெறும் பையை வச்சு வீட்டுல ஒத்திகை. சன்னல் கம்பிக்குப் பழைய சேலையச் சுத்துனேன். அவ சேலைக்கு மேலயே தொட்டா. கையேட்டோட ஓரத்துல பெரிசா எழுதுனேன்: 'சுத்தமான கை: எதையும் தொடாத கை.' வாசிச்சுப் பாத்தா. "எதையும் தொடாத கைன்னா, அது செத்தவ கைலே"ன்னா.

மறுநாள் அவளே ஒரு வழி கண்டுபிடிச்சா. கழுவுறதுக்கு முன்னால போய்க் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நல்லா, ஆசை தீர. பொறகு கழுவுனா. நேரா பைகிட்டப் போனா. "அதுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்தாச்சு. இனி என்ன கேக்கும்?" அடுத்த வாரம் சிஸ்டர் முன்னாலயும் அப்படியே செஞ்சா. சிஸ்டர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தாக. தேறிட்டா.

வேன்ல தண்ணிப் பை பெட்டி பெட்டியா வந்து எறங்குச்சு. முன்னறை பூரா மச்சு வரைக்கும் அட்டைப்பெட்டி. சிவகாசியில வீட்டுக்குள்ள அம்புட்டு அட்டைப்பெட்டி இருந்தா ஊரு என்ன நெனைக்கும்? எதுத்த வீட்டுக்காரரு வந்து காதோட காதாக் கேட்டாரு. "சரக்கு வீட்டுல வச்சா தப்புங்க. சரி, வச்சதுதான் வச்சீக, எங்களுக்கு ரெண்டு கிப்ட் பாக்ஸ் கொறைச்ச வெலைக்குப் பாத்துக் குடுங்க." அக்கா உள்ள இருந்து, "பூராவும் ஊசி வெடிதான், வேணுமான்னு கேளுலே"ன்னா.

நல்லா இருந்தா. வீக்கம் வடிஞ்சு பழைய முகம் வந்துச்சு. கொழம்பு வச்சா. கூட வேலை பாத்தவ மக சடங்குக்கு நாரணாபுரத்துக்குத் தனியா, என்னை விட்டுட்டு, மினி பஸ் ஏறிப் போனா. ஊறுற நேரம் முடியிறதுக்குள்ள திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கிட்டு, தானே வடிச்சுத் தானே ஊத்திக்கிட்டா. எனக்குன்னு விட்டு வச்சது ஒரே வேலைதான், பையை வாசிக்கிற வேலை. காலையில நான் கெளம்பும்போது முதல் பையைத் தூக்கிட்டு வந்து முன்னால போடுவா. கீழ வைக்க அச்சடிச்ச தாளு வேணுமே, அன்னைக்குத் தேதிக் காலண்டர் தாளைக் கிழிச்சு வைப்பேன். எங்க ஆபீஸ் காலண்டருதான், நான் பிழை பாத்ததுதான். எங்கக்கா வயித்துத் தண்ணி வழியா நான் ராசிபலன் வாசிச்சேன்.

"எனக்கு என்ன போட்டிருக்கு?"

"கன்னி, லாபம்."

"ஒனக்கு?"

"வீண் அலைச்சல்."

"காலண்டர் சரியாத்தான் அடிச்சிருக்கீக."

காலண்டர் சீசன் வந்துச்சு. ஆபீஸ்ல நிக்க நேரமில்லாம வேலை. காலையில மட்டும் பையைப் பாப்பேன், மத்த நேரம் அவளே பாத்துக்கிட்டா. அப்படி ஒரு காலையில தாளை வச்சேன், பையை வச்சேன். எழுத்து தெரியல. கண்ணாடியக் கழத்தித் தொடச்சுட்டுத் திரும்பப் பாத்தேன். அரிசி களைஞ்ச தண்ணிக்குக் கீழ கெடக்குற மாதிரி கறுப்பா ஏதோ தெரியுது. எழுத்தா இல்ல.

அக்கா அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு, "எனக்கு என்ன லே போட்டிருக்கு?"ன்னா.

"தெரியலக்கா."

"தெரியலையா? சொல்ல மாட்டேங்கியா?"

திரும்பிப் பாத்தா. என் மூஞ்சியப் பாத்துட்டு, அடுப்பை அணைச்சுட்டு, சேலைய மாத்தப் போயிட்டா. அவளுக்குத் தெரியும், ஒடனே ஓடணும்னு. ஓடத்தான் செஞ்சோம். அன்னைக்கு மத்தியானமே வார்டுல இருந்தோம்.

ஊசி போட்டாக. தண்ணிக்குள்ளயும் ஊசி மருந்து கலந்து விட்டாக. ஒவ்வொரு பையா எடுத்துச் சன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்போம். தெளியல. கடைசியில குழாய எடுத்தாத்தான் உசுரக் காப்பாத்த முடியும்னாக. எடுத்துட்டாக. வயித்துல ஒரு பிளாஸ்திரி மட்டும் இருந்துச்சு.

சிஸ்டர்கிட்டக் கேட்டேன், எதுனாலன்னு. "எம்புட்டு கவனமா இருந்தாலும் சில பேருக்கு வந்துருதுண்ணே. இன்னதுதான்னு சொல்ல முடியாது"ன்னாக. அவுக எனக்காகச் சொன்னாகளா, உள்ளதைச் சொன்னாகளா, தெரியல.

அன்னைக்குச் சாயங்காலம் அக்கா என்னைக் கிட்ட வரச் சொன்னா.

"நான் தொட்டேனா தம்பி?"

"இல்லக்கா."

"களுவுன பொறகு?"

"இல்லக்கா. நான்தான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்."

"நீ பொய் சொல்லும்போது மட்டும் எம்புட்டுத் 'தான்' போடுத"ன்னா.

நான் எங்க பாத்தேன்? அவ கதவைச் சாத்திக்கிட்டுச் செய்வா, நான் ஆபீஸ்ல ராகுகாலம் திருத்திக்கிட்டு இருப்பேன். தொட்டாளா, தொடலையான்னு அவளுக்கே தெரியாது, அதுதான் அவளை அரிச்சுச்சு. என் தொழில்லயும் இது உண்டு. நாலு கண்ணு பாத்த அச்சுப் பக்கத்துல ஒரு பிழை நொழைஞ்சிரும். எப்ப நொழைஞ்சுதுன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது. ஆனா அச்சாபீஸ்ல மறுபடி அடிச்சுக்கிடலாம்.

அதுக்குப் பொறகு பழையபடி மதுரை. பழையபடி விடியக்காலம் பஸ்ஸு. ஆனா அக்கா பழைய அக்கா இல்ல. பஸ்ல என்னை வையவே இல்ல. என் கையப் பிடிச்சுக்கிட்டு ஏறுனா, பிடிச்சுக்கிட்டு எறங்குனா, ஒரு வார்த்தை மானக்கேடாச் சொல்லல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. தை மாசம் ஒரு மத்தியானம், மிஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சு நின்னுபோச்சு. நான் வெளிய டீ குடிக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா மிஷினை நிறுத்திக்கிட்டு இருந்தாக.

கருமாதி முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு சிஸ்டர் போன் பண்ணுனாக. பெட்டி உடைக்காத சரக்கு மிச்சம் இருக்குமேன்னாக. காரியாபட்டியில ஒரு அம்மாவுக்கு இதே முறை ஆரம்பிச்சிருக்கு, கையேட்டை வச்சுக்கிட்டு முழிக்கிறாகன்னாக. "நீங்க ஓரத்துல எழுதி வச்சிருந்த புஸ்தகம் இருக்குல்லாண்ணே? அதையும் கொண்டுபோய்க் குடுத்து கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

ஒரு ஆட்டோவுல பெட்டிகளை ஏத்திக்கிட்டுப் போனேன். காடு கரை வச்சிருக்கிற வீடு. அந்தம்மாவுக்கு எங்கக்கா வயசுதான் இருக்கும். திண்ணமான ஆளு, நோவு வந்து ஒடுங்கியிருந்தாக. மோர் குடுத்தாக. புஸ்தகத்தை வாங்கி ஓரத்து எழுத்தை ஒவ்வொண்ணா வாசிச்சாக. நான் பெருமையா உக்காந்திருந்தேன், ஒவ்வொரு சொல்லும் எம்புட்டு லேசா இருக்குன்னு.

"திரின்னா? வெளக்குத் திரியா?"

"இல்லைங்க. பட்டாசுத் திரி."

"வயித்துல எதுக்குப் பட்டாசு?"

விளக்கிப் பாத்தேன். அவுக தலையாட்டுனாக, மரியாதைக்கு. "திரி வாய்"ன்னு அடுத்ததை வாசிச்சாக. அதுவும் ஏறல. புஸ்தகத்தை என்கிட்ட நீட்டி, "கோவிச்சுக்கிடாதீக. இதை யாரு எழுதுனாகளோ, எனக்கு ஒண்ணும் வெளங்கல"ன்னாக.

எனக்குச் சுருக்குன்னுச்சு. என் சொல்லை யாரு என்ன சொன்னாலும் ஒறைக்காது, முறுக்கு அச்சையே பாத்தவன். இது அக்கா சொல்லு. பதில் சொல்ல வாயெடுத்தேன். அவுக மகள் அந்த நேரத்துல தாயோட சேலைய லேசா வெலக்கிக் குழாய் இருக்கிற எடத்தைக் காமிச்சா. தோலு சிவந்திருந்துச்சு. அவுக அடுத்த வாரம் சிஸ்டர் முன்னால செஞ்சு காமிக்கணும்.

"இந்தக் குழாயப் பாத்தா ஒங்களுக்கு என்ன ஞாபகம் வருது?"ன்னு கேட்டேன்.

யோசிச்சாக. "தோட்டத்துல போட்டிருக்க சொட்டுநீர்க் குழா மாதிரி இருக்கு."

"இதைத் திறந்து விடுறது, அடைக்கிறது?"

"அது மடை. மடையத் திறந்தா தண்ணி பாயும், நெறைஞ்சதும் அடைக்கணும். இதுவும் அப்படித்தானா?"

"அப்படித்தான்"ன்னேன். எழுதலாம்னு பாத்தா ஓரத்துல எடம் இல்ல. பென்சில் எழுத்து நெருக்கமாக் கெடந்துச்சு. அழிரப்பர் இருக்கான்னு அந்த மகள்கிட்டக் கேட்டேன். பள்ளிக்கூடப் பையில இருந்து எடுத்துக் குடுத்தா. 'திரி'ங்கிற எடத்துல இருந்து அழிக்க ஆரம்பிச்சேன். பழைய எழுத்து, அழுத்தி எழுதுனது, சுலபமாப் போகல. தாளு கசங்காம மெதுவா மெதுவாத் தேய்ச்சேன். அந்தம்மா பக்கத்துல உக்காந்து, தூளை ஊதி விட்டுக்கிட்டு, "அடுத்தது என்ன எழுதணும், சொல்லுங்க"ன்னாக.